சொல்லும் பொருளும்: 'புட் அப்' படுத்தும் பாடு

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். அவர் உத்தியோகம் பார்க்கும் காரியாலயத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார். தமிழ் வழியில் படித்து, போட்டித் தேர்வில் நல்ல எண்களுடன் தேறி, இம்மும்பை மாநகருக்கு முதன்முறையாக வந்தவர். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவருக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகை பற்றிய விண்ணப்பம் அவருடைய மேசைக்கு வந்தது. அதன் ஓரத்தில் மேலதிகாரியின் கையெழுத்தில் ஐந்தே சொற்கள்: 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்'. இளைஞர் சொல்லுக்குச் சொல் பொருள் கண்டார். 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் உடன். எஞ்சிய இரண்டும் பழைய காகிதங்கள். ஆகவே, பழைய காகிதங்களுடன் மேலே வை. அவ்வாறே அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய கட்டு ஒன்றை இறக்கி, அதனோடு இதையும் சேர்த்துக் கட்டி, ஏற்றி வைத்துவிட்டார். ஐந்து வாரம் சென்றபின், அந்த முதியவர் தம் மருமகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து கேட்டபோதுதான் காகிதம் மேல்தட்டிலிருந்து இறங்கியது. அந்த ஐந்து வாரமும் அவர் கைம்மாற்று வாங்கிக் காலம் தள்ளியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. இளைஞர் கண்ட பொருளில் எந்தத் தனிச் சொல்லுக்கும் குற்றம் இல்லை. ஐந்தும் சேர்ந்து தந்த பொருள்தான் வேறாகிவிட்டது. 'இது தொடர்பான பழைய காகிதங்களையும் இணைத்து என் பார்வைக்கு அனுப்பு' என்பதே அதிகாரியின் கட்டளை. பள்ளியில் 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள் என்று நெட்டுருப் பண்ணியது அவருக்கு நினைவு வந்திருந்தாலும் பயன் இல்லை. பழைய காகிதங்களைச் சகித்துக்கொள் என்றல்லவா ஆகியிருக்கும்! அதற்கு மேல்தட்டே தேவலை.

இந்த இரு சிறு சொற்களும் நம் வீடுகளுக்குள் நாள்தோறும் வருகின்றன. பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையில் வருகின்றன. வீட்டுக்காரர் கடிதத்தில் வருகின்றன. காரியாலயத்துக் குறிப்பில் வருகின்றன. தமிழும் மராட்டியும் ஹிந்தியும் காதில் விழும் தெருவில் குடியிருந்தாலும், உத்தியோகமும் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் பெரும்பாலும் ஆங்கிலக் காகிதத்தில்தானே எழுதப்படுகின்றன? ஆதலின் இத்திங்கள் 'புட் அப்' ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

காரியாலயப் பொருளை முதலில் தீர்த்துவிடலாம். ஒரு காகிதம் வந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, அது தொடர்பான பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, பொருந்தும் விதி எதுவோ அதைக் காட்டி, இன்னது செய்யலாம் என்று ஒரு குறிப்பும் எழுதி, வேண்டிய பக்கங்களில் அடையாளச் சீட்டுச் செருகி மேலதிகாரியின் மேசைக்கு அனுப்புவது குமாஸ்தாவின் கடமை. இத்தனைக்கும் சேர்த்து நம் நாட்டுக் காரியாலயங்களில் வழங்கும் ஒரே பெயர் 'புட் அப்'. கோப்பு இப்போது பல இடங்களில் கணினித் திரையில் நகர்கிறது. அடையாளச் சீட்டு இல்லை, கட்டும் நாடா இல்லை, மேல்தட்டும் இல்லை. 'புட் அப்' மட்டும் போகவில்லை.

இதற்கு நிகரான சொல் 'சப்மிட்' என்று அகராதி கூறும். பொருளளவில் உண்மையே. ஆனால் வழக்கத்தில் ஒன்றைக் காண்கிறோம். அதிகாரி கீழுள்ளவருக்கு எழுதும்போது 'புட் அப்' என்கிறார். கீழுள்ளவர் அதிகாரிக்கு எழுதும்போது 'சப்மிட்டட்' என்கிறார். ஒரே காகிதம், ஒரே பயணம். சொல்பவர் மாறினால் சொல்லும் மாறுகிறது. 'சப்மிட்' லத்தீன் மொழிவழி வந்தது. 'கீழே அனுப்பு' என்பது அதன் வேர்ப்பொருள். 'புட் அப்' என்பதிலோ மேலே என்னும் சொல் வெளிப்படையாக நிற்கிறது. ஆக, காகிதம் மேலே போகிறது, அனுப்புகிறவர் தாம் கீழே பணிகிறார்! நம் தமிழில் 'சமர்ப்பித்தல்' என்றும் 'பார்வைக்கு வைத்தல்' என்றும் இரண்டு இருப்பதைப் போன்றதே இது. கோயிலில் மாலையைச் சமர்ப்பிக்கிறோம். நண்பரிடம் புகைப்படத்தைப் பார்வைக்கு வைக்கிறோம். இடம் மாற்றிச் சொன்னால் காதுக்கு உறுத்தும். விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் 'ஐ புட் அப் மை அப்ளிகேஷன்' என்று தொடங்காமல் 'சப்மிட்' என்று எழுதுவதே தகும்.

அடுத்தது தங்குதல். 'வேர் ஆர் யூ புட்டிங் அப்?' என்று நம்மைக் கேளாதவர் இந்நகரில் உண்டோ? பழைய ஆங்கில நாவல்களில், குதிரை வண்டியில் வரும் பயணி இரவானதும் ஒரு சத்திரத்தில் 'புட் அப்' செய்வான்; விடிந்தால் புறப்பட்டுவிடுவான். அங்கே அது ஓரிரவு, மிஞ்சினால் சில நாள் தங்கலைக் குறிப்பது. நம் நாட்டிலோ இருபது ஆண்டாக ஒரே அறையில் இருப்பவரையும் இப்படியே கேட்கிறார்கள்; அவரும் 'ஐ ஆம் புட்டிங் அப் அட் தாராவி' என்று விடை சொல்லுகிறார். இங்கிலாந்தில் இன்று இவ்வாறு பேசுவோர் அரியர். 'ஸ்டே' என்றோ 'லிவ்' என்றோ சொல்வார்கள். இதைப் பிழை என்று தள்ள நாம் தயங்குகிறோம். கோடிக்கணக்கானோர் ஒரு சொல்லை ஒரு பொருளில் வழங்கினால் அதுவும் ஒரு வழக்கே. ஆயினும் தமிழில் நாம் 'எங்கே தங்கியிருக்கிறீர்கள்?' என்பதையும் 'எங்கே குடியிருக்கிறீர்கள்?' என்பதையும் ஒன்றாகக் கருதுவதில்லை. முதற்கேள்வி விருந்தாளிக்கு, இரண்டாவது ஊராருக்கு. மாதுங்காவில் பிறந்து மாதுங்காவிலேயே பேரன் எடுத்தவரைப் பார்த்து எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? நம்மில் பலர் விண்ணப்பப் படிவத்தில் 'பெர்மனெண்ட் அட்ரெஸ்' என்னும் இடத்தில், பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டின் கதவிலக்கத்தைத்தான் இன்னும் எழுதிவருகிறோம். சொல் நம்மை விருந்தாளி ஆக்கியதா, நாமே அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டோமா என்பது வேறு ஆராய்ச்சி.

தங்குதலும் சகித்தலும் மோதும் இடம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்து வேலை தேடும் பிள்ளை நேர்காணலுக்குப் போகிறான் என்று கொள்வோம். எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். 'ஐ ஆம் புட்டிங் அப் வித் மை அங்கிள்' என்கிறான். சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பது அவன் கருத்து. கேட்பவர் ஆங்கிலேயர் வழக்கில் பழகியவரானால், 'சித்தப்பாவைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்' என்றே அவர் காதில் விழும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் தம் இரண்டு குழந்தைகளோடு இவனுக்கும் பாய் விரித்து, விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் இவனுக்கும் ஒரு வாளி எடுத்து வைக்கும் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் இப்படி ஒரு நற்சான்றா! 'ஸ்டேயிங் வித்' என்றிருந்தால் குற்றம் இல்லை.

இலக்கணம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. சித்தி அவனுக்கு இடம் தருகிறார் என்பதை 'ஷி புட்ஸ் ஹிம் அப்' என்பர். 'ஹிம்' இரண்டு சொற்களுக்கும் நடுவே நிற்கிறது. சித்தி அவனைப் பொறுத்துக்கொள்கிறார் என்பதை 'ஷி புட்ஸ் அப் வித் ஹிம்' என்பர். 'வித்' என்னும் வால் முளைத்ததும் 'ஹிம்' நடுவிலிருந்து விலகிக் கடைசிக்குப் போய்விடுகிறது. அவன், அவள், அது என்னும் சுட்டுச் சொற்கள், வால் இல்லாத 'புட் அப்'பின் நடுவில்தான் வரவேண்டும். 'புட் இட் அப்' என்க. 'புட் அப் இட்' என்று ஆங்கிலேயர் ஒருபோதும் சொல்லார். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும். சித்தி மேற்சொன்ன இரண்டையும் சேர்த்தே செய்கிறார் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

இனிச் சகித்தல். 'டாலரேட்', 'பேர்', 'என்ட்யூர்', 'ஸ்டாண்ட்' என்று இதற்கு நிகர்ச்சொற்கள் அடுக்கப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணிவிட்டால் ஆபத்து. 'புட் அப் வித்' அன்றாடத் தொல்லைக்கு உரியது. மாடிக்குடித்தனத்தின் வானொலி, வேனிற்காலத்தில் காற்றே வராத அறை, மாலை ஆறு மணி லோக்கல் வண்டியின் நெரிசல் ஆகியவற்றை நாம் 'புட் அப் வித்' செய்கிறோம். பிடிக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை என்னும் சலிப்பு அதற்குள் இருக்கிறது. 'டாலரேட்' இன்னும் சற்று உயரத்திலிருந்து பேசுவது. அனுமதிக்கிறேன் என்னும் தோரணை அதில் உண்டு. 'என்ட்யூர்' நெடுங்காலத் துன்பத்துக்கு, 'பேர்' பாரத்துக்கு. நம் மொழியில் பொறுத்தல், சகித்தல், தாங்குதல் ஆகியவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இரைச்சலைச் சகிக்கிறோம், பிறர் குற்றத்தைப் பொறுக்கிறோம், துக்கத்தைத் தாங்குகிறோம். துக்கத்தைச் சகித்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை.

இதை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. உடன் வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்துவிட்டால், அவர் தமிழர் அல்லராயின், நாம் ஆங்கிலத்தில்தான் நான்கு வரி எழுதுகிறோம். அகராதியைப் பார்த்து, 'யூ ஹாவ் டு புட் அப் வித் திஸ் லாஸ்' என்று எழுதிவிட்டால், கணவனை இழந்த ஓர் அம்மையாரிடம் 'இந்தத் தொல்லையை நீங்கள் பொறுத்துத்தான் ஆகவேண்டும்' என்று சொன்னதாக முடியும். எழுதியவர் நெஞ்சில் அன்பு இருந்தது. கடிதத்தில் அது போய்ச் சேரவில்லை. இத்தகைய இடத்தில் 'பேர்' என்பதே சொல். அதையும் கட்டளையாக எழுதாமல், தாங்கும் வலிமை உங்களுக்குக் கிட்டுக என்னும் கருத்துப்பட எழுதுவது நலம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது அன்று. சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியை 1755-இல் வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு வினையின் பின்னே ஒரு சிறு இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் பழக்கம் பிற மொழிகளினும் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்மொழியார்க்குப் பெரிய இடர் அதுவே என்றும், ஆகவே அவற்றை மிகுந்த கவனத்துடன் குறித்திருப்பதாகவும் அவர் கருத்துரைக்கிறார். இக்கூட்டுவினைகளுக்குப் 'ப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் தம் நூலொன்றில் எழுதினார். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்கு அப்பெயரைச் சொன்னதாகக் குறித்திருக்கிறார். பெயர் வந்து இன்னும் நூறாண்டு சொச்சமே ஆகிறது. பிள்ளை எவ்வளவு காலம் முன்னே பிறந்துவிட்டது!

ஒரே கருத்துக்கு 'புட் அப்' போன்ற எளிய சொல்லும் 'சப்மிட்', 'டாலரேட்', 'எரெக்ட்' போன்ற கனத்த சொல்லும் ஆங்கிலத்தில் ஏன் அருகருகே கிடக்கின்றன? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் ஆண்டது. கோயிலிலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. குடியானவன் தன் 'புட்', 'கெட்', 'டேக்' ஆகியவற்றையும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' ஆகியவற்றையும் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலும் வயலிலும் காலம் கழித்தான். இரண்டு வகைச் சொற்களும் இன்றும் கலந்து நின்றாலும் அவற்றின் உடை மாறவில்லை. கனத்த சொல் அங்கவஸ்திரம் அணிந்து வருகிறது. எளிய சொல் மேல்துண்டோடு வருகிறது. வீட்டுப் பேச்சில் முதலாவது செயற்கையாகும்; விண்ணப்பத்தில் இரண்டாவது குறைவாகத் தோன்றும்.

தமிழர்களாகிய நாம் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. திரிசொல்லை, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் என்றும் பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என்றும் நன்னூலார் இருவகையாக்கினார். அவருக்கு முன்னரே சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளில், நிகர்ச்சொற்களைத் தொகுத்ததோடு, ஒரு சொல்லின் பல பொருள்களுக்கென்று தனித் தொகுதியும் வைத்தது. நிகர்ச்சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்த ரோஜட் என்பாரின் புகழ்பெற்ற நூல் லண்டனில் வெளிவந்தது 1852-இல். நம் பாட்டனார்கள் திண்ணையில் நிகண்டு ஒப்பித்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் 'போடு' ஒன்றைப் பாருங்கள். சட்டை போடுகிறோம், சோறு போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், பட்டினி போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. இதற்கு மேல் 'தள்ளிப்போடு' என்று சேர்த்தால் ஒத்திவை என்று ஆகிறது. நம் பக்கத்து வீட்டு மராட்டிய அன்பர் தமிழ் கற்க முன்வந்தால், இத்தனைக்கும் ஒரே சொல்லா என்று அவரும் வியப்பார். ஆனால் அவர் மொழியிலும் 'கரூன் டாக்' என்கிறார்களே, அதில் உள்ள 'டாக்' தனியே நின்றால் எறி, போடு என்றுதான் பொருள். வினையோடு சேர்ந்தாலோ வேலையை முடித்துப்போடு என்கிற கருத்து. ஆங்கிலத்து 'ஈட் அப்' என்பதில் உள்ள 'அப்'பும் இவ்வினமே. உணவை மேலே தின்னச் சொல்லவில்லை. மிச்சம் வையாமல் தின்று தீர் என்கிறது. குழந்தைகளுக்கு இவ்வழியில் விளக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

'போடு'வும் 'புட் அப்'பும் கைகோத்து நிற்கும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்கக் குடும்பங்களில், பழங்களைப் பக்குவம் செய்து கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வைப்பதைப் 'புட் அப்' என்பார்கள். நாம் மாவடு போடுகிறோம், எலுமிச்சை ஊறுகாய் போடுகிறோம். பெண்கள் கூந்தலை உயர்த்தி முடிவதும் 'புட் அப்'. நாம் கொண்டை போடுதல் என்கிறோம். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில், ஒரு பெண் தன் கூந்தலை இவ்வாறு உயர்த்தி முடியத் தொடங்கினாள் என்றால் அவள் சிறுமிப் பருவம் கடந்துவிட்டாள் என்று உலகம் அறியும்.

மற்றப் பொருள்களை விரைந்து பார்த்துவிடலாம். வகுப்பில் கை உயர்த்துவதும், மழைக்குக் குடை விரிப்பதும், பொங்கலுக்குப் பந்தல் எழுப்புவதும், அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவதும் 'புட் அப்' எனப்படும். இவற்றில் மேலே என்னும் கருத்து கண்ணுக்கே தெரிவதால் தொல்லை இல்லை. ரயில் பெட்டியின் கதவருகே பயணிகளின் பெயர்ப் பட்டியல் 'புட் அப்' செய்யப்பட்டதும் அப்படித்தான்; 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் பெட்டிகளில் ஒட்டுவதை நிறுத்தினார்கள். தேர்தலில் வேட்பாளரைப் 'புட் அப்' செய்வதை நாம் நிறுத்துதல் என்கிறோம். நிறுத்துவது என்றால் தடுப்பதும் அல்லவா என்று ஓர் ஆங்கிலேயர் நம்மைத் திருப்பிக் கேட்டால் விடை சொல்ல நமக்கும் சற்று நேரம் பிடிக்கும். ஒரு தொழிலுக்கு முதல் போடுவதும் 'புட் அப்'தான். இங்கும் நம் 'போடு' வந்து நிற்கிறது.

எதிர்ப்பொருள் தரும் இடம்தான் வேடிக்கையானது. 'புட் அப் எ ஃபைட்' என்றால் எதிர்த்துப் போராடுதல். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், இயேசுநாதர் பேதுருவிடம் வாளைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் 'புட் அப்' வருகிறது. அங்கே வாளை உறையில் போடு என்பது பொருள். வாளை உருவுவதா, உறையில் இடுவதா என்பது பக்கத்துச் சொல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

'வித்' என்னும் வாலைக் கண்டோம். 'டு' என்னும் வாலும் உண்டு. 'த பேப்பர் வாஸ் புட் அப் டு த ஆபீசர்' என்றால் காகிதம் அதிகாரியின் பார்வைக்கு வைக்கப்பட்டது. 'ஹூ புட் யூ அப் டு திஸ்?' என்றாலோ, உன்னை இதற்குத் தூண்டிவிட்டவன் யார் என்பது கேள்வி. முதலாவதில் மேலே போவது காகிதம், இரண்டாவதில் தூண்டப்படுபவன் ஆள். குணம் அடியோடு வேறு. பள்ளியிலிருந்து உங்கள் மகனைப் பற்றிய கடிதத்தில் இத்தொடர் வந்தால், அவனுக்கு ஏதோ பதவி கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ வேண்டாம். நடுவே கோடிட்டு 'புட்-அப் ஜாப்' என்று எழுதினால் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த சூது என்பதாகும். அது வேலைவாய்ப்பு அன்று.

வீட்டுக்காரர் கடிதம் என்று முன்னே சொன்னோம். இந்நகரில் வாடகை வீடு பெரும்பாலும் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் கிடைக்கிறது. (இங்கே 'லீவ்' என்பது விடுமுறை அன்று, அனுமதி. அதுவே ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும்.) தவணை முடியும் தறுவாயில் வரும் கடிதத்தில் 'ரெண்ட்' என்னும் சொல்லோடு 'புட் அப்' இருந்தால் வாடகை உயர்கிறது, பேசிப் பார்க்கலாம், ஐந்நூறோ ஆயிரமோ குறைக்கச் சொல்லலாம். 'ஃபிளாட்' என்னும் சொல்லோடும் 'ஃபார் சேல்' என்னும் வாலோடும் வந்தால் வீட்டையே விற்கப்போகிறார்; மறுநாளே வேறிடம் தேடப் புறப்பட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு கடிதத்திலும் 'புட் அப்' ஒன்றே. ஆகையால் இத்தொடரைக் கண்டதும் அகராதிக்கு ஓடுமுன், எதை, எந்த வாலோடு, யார் யாருக்குச் சொல்கிறார் என்று அதே வரியில் தேடுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். இல்லையேல், வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுவது. அந்த மேல்தட்டு இளைஞரின் அருகே அன்று இரண்டு மூத்த குமாஸ்தாக்கள் இருந்தார்களாம். கேட்டால் சிரிப்பார்களோ என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைக் கண்டு அவர்களும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர் பக்கத்தில் உட்காரும் நம்மவர்கள் இந்தப் பாதியையும் கவனிக்க வேண்டும்.

செம்பூரிலிருந்து ஓர் அம்மையார், நம் சங்க ஆண்டு விழா அழைப்பிதழின் ஆங்கிலப் பகுதியில் 'நாடகம் புட் அப் செய்யப்படும்' என்றிருந்ததே, சரியா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். இந்நாட்டு ஆங்கிலத்தில் பரவலாக வழங்குவதுதான். இங்கிலாந்தில் 'புட் ஆன்' என்பார்கள். 'ஸ்டேஜ்' என்று எழுதிவிட்டால் இரு சாராருக்கும் மறுப்பில்லை. அடுத்த அழைப்பிதழில் அவ்வாறே அச்சிடச் செயலாளருக்குச் சொல்லியிருக்கிறோம்.

தாராவி அன்பர் ஒருவர், 'புட் அப்' என்பதற்கு எதிர்ச்சொல் 'புட் டவுன்' தானே என்று கேட்கிறார். உயர்த்திய கையை இறக்குவதில் ஆம். மற்றவற்றில் பெரும்பாலும் அன்று. எழுதிக்கொள்வதும், முன்பணம் கட்டுவதும், கலகத்தை அடக்குவதும், நாலுபேர் நடுவே ஒருவரை மட்டந்தட்டுவதும் 'புட் டவுன்' ஆகும். நோய் முற்றிய நாயைக் கால்நடை மருத்துவர் 'புட் டவுன்' செய்தார் என்று எழுதியிருந்தால், மேசையிலிருந்து கீழே இறக்கிவிட்டார் என்று எண்ணி அதை அழைத்து வரப் புறப்பட்டுவிடாதீர்கள். விவரம் அடுத்த திங்கள்.